அஞ்சு நூல், தொண்ணூறு மில்லிமீட்டர்!

திரையில் ஒரு ஆலை முழுசாக மிதக்கிறது. பச்சைக் குழாய்கள், மஞ்சள் ஏணிகள், ஊதா நிறத் தொட்டிகள். மவுஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட உள்ளே போகிறோம். ஏணியைத் தாண்டி, பம்பைத் தாண்டி, குழாய்க் கூட்டத்துக்குள் புகுந்து, இரண்டு இரும்பு வட்டுகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் இடத்துக்கு வந்தாயிற்று. ஃபிளேஞ்சு! நடுவே, கசியாமல் அடைக்க, மெல்லிசாக ஒரு கேஸ்கெட். இன்னும் கிட்டே போனால்... அட, போல்ட்டையே காணோம்!

"தம்பி, போல்ட்டு எங்கப்பா?"

"இருக்கு அண்ணாச்சி. எட்டு இருக்கு."

"எங்க இருக்கு?"

"கணக்குல இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நானும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

இடம் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டிக் கிடக்கும் ஊர். மாதம் ஆடி. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். பட்டாசு ஆலைகளில் தீபாவளிச் சரக்குக்கான வேலை உச்சத்தில் இருக்கும் நேரமும் இதுதான். இந்தச் சந்தடிக்கு நடுவில், சென்னையில் பைப்பிங் டிசைனராக இருக்கும் உள்ளூர்த் தம்பி ஒருவர், ஊர்ப்பக்கம் வந்த கையோடு மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கம்பெனி வேலையைக் காட்டக் கூடாது என்பதால், சொந்தமாகப் பழகிப் பார்க்கும் ஒரு மாதிரி ஆலையைத் திறந்து வைத்திருக்கிறார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ பாலைவனத்திலோ கடல் நடுவிலோ நிற்கப்போகும் ஆலைகளைச் சென்னையில் உட்கார்ந்து வரைகிறார்கள். டெக்னிப் எனர்ஜீஸ், சாய்பெம், மெக்டெர்மட் என்று பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் அங்கே வடிவமைப்பு அலுவலகங்கள் உண்டு.

வாங்க, திரைக்குப் பின்னால் போவோம்!

காணாமல் போனதல்ல, காட்டாமல் வைத்தது

ஒரு பெரிய ஆலையில் ஃபிளேஞ்சு இணைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் நாலு, எட்டு, பன்னிரண்டு, இருபது என்று போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு நட்டு. ஒவ்வொரு நட்டுக்கும் ஆறு முகம். இத்தனையையும் அப்படியே வரைந்தால் கணினி மூச்சு விடாது. வரைந்தும் யாருக்கும் லாபமில்லை. குழாய் தூணில் இடிக்கிறதா, வால்வின் கைப்பிடி ஆளுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் படம். போல்ட்டு எதிலும் இடிக்கப் போவதில்லை.

ஆனால் அதைக் கடையில் வாங்கியாக வேண்டும். எத்தனை, என்ன விட்டம், என்ன நீளம், என்ன உலோகம், எல்லாம் சரியாக. ஆகவே ஆலை வடிவமைப்பு மென்பொருள்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. போல்ட்டைப் பொருளாக வைத்துக்கொள்வதில்லை. போல்ட்டுக்குப் போய்ச் சேரும் வழியை வைத்துக்கொள்கின்றன. இரண்டு ஃபிளேஞ்சு சேர்ந்த கணத்தில் கணக்கு ஓடி, பட்டியலில் போல்ட்டு பிறக்கிறது. ஃபிளேஞ்சைப் பிரித்தால் போல்ட்டும் போயிற்று!

மணலிச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இதெல்லாம் காகிதமும் பென்சிலும். உலகமெங்கும் பெரிய ஆலைகளுக்குப் பிளாஸ்டிக்கில் சின்ன மாதிரி கட்டி, சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். போல்ட்டுக் கணக்குக்கு ஒருவர் வரைபடங்களைக் குவித்து வைத்துக்கொண்டு, இணைப்பு இணைப்பாக எண்ணிக் குறிப்பார். 1970-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 'கேட்சென்டர்' என்ற அமைப்பு பி.டி.எம்.எஸ். என்ற மென்பொருளை உருவாக்கிய பிறகு கதை மாறியது. அந்த அமைப்புதான் இன்றைய அவேவா, பி.டி.எம்.எஸ்.ஸின் வாரிசு ஈ3டி. இந்தப் பக்கம் ஹெக்ஸகானின் ஸ்மார்ட் 3டி, ஆட்டோடெஸ்கின் பிளான்ட் 3டி. பெயர்கள் வேறு, பொத்தான்கள் வேறு. போல்ட்டைக் கண்டுபிடிக்கும் அடிப்படை மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

தன் துளையைத் தானே அறிந்த வட்டு

தம்பி, பாகங்களின் அளவெல்லாம் எழுதியிருக்கும் கேட்டலாக்கைத் திறக்கிறார். வண்ணமெல்லாம் மறைந்து வெறும் எண்கள். என் முகம் சுருங்குவதைப் பார்த்து, "இங்கதான் அண்ணாச்சி கூத்தே" என்கிறார்.

நாலு இஞ்சு குழாய்க்கான ஒரு ஃபிளேஞ்சு. அழுத்த வகுப்பு 150. முதலில் ஒரு வேடிக்கை: நாலு இஞ்சு குழாயின் வெளிவிட்டம் நாலு இஞ்சு இல்லை, நாலரை! 114.3 மில்லிமீட்டர். பெயர் ஒன்று, அளவு ஒன்று. தொழிலுக்குள் யாரும் இதற்கு அசருவதில்லை.

இந்த ஃபிளேஞ்சின் பெயருக்கு நேரே எழுதியிருப்பவை: போல்ட்டு எட்டு. விட்டம் 5/8 இஞ்சு. நம் லேத் பட்டறைக்காரர்கள் மொழியில் அஞ்சு நூல். துளைகள் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 190.5 மில்லிமீட்டர். இந்த வட்டு போல்ட்டின் நீளத்தில் சேர்க்கும் பங்கு, கேஸ்கெட் உட்காரும் மேட்டையும் சேர்த்து, 24 மில்லிமீட்டர் சொச்சம்.

இந்த எண்களை யாரும் சொந்தமாக யோசித்து எழுதவில்லை. ஏ.எஸ்.எம்.இ. பி16.5 என்ற அமெரிக்கத் தரநூலில் 24 இஞ்சு வரைக்கும் எல்லா ஃபிளேஞ்சுகளுக்கும் அட்டவணை இருக்கிறது. அதற்கு மேலே போனால் பி16.47. அட்டவணையில் போல்ட்டு எண்ணிக்கையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே இறங்குங்கள். 4, 8, 12, 16, 20. எல்லாமே நான்கின் மடங்கு! ஏன்? வால்வைக் கால் வட்டம் திருப்பி மாட்டினாலும் துளைக்கு நேரே துளை வர வேண்டுமே, அதற்கு. இன்னொரு வழக்கமும் உண்டு. உச்சியில் நட்ட நடுவே துளை வராது. நடுக்கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்று இரண்டு துளைகள் கோட்டை நடுவில் விட்டு உட்காரும். கொரியாவில் செய்த பம்பும், திருச்சியில் பற்றவைத்த குழாயும் முதன்முதலாகச் சைட்டில்தான் சந்திக்கின்றன. இரண்டு பேரும் இந்த வழக்கத்தை மதித்திருந்தால்தான் துளைகள் ஒன்றையொன்று பார்க்கும்.

ஒரு தண்டு, இரண்டு நட்டு

அடுத்தது ஸ்பெக். இந்தக் குழாயில் என்ன ஓடுகிறது, எத்தனை சூடு, எவ்வளவு அழுத்தம், அதற்கு எந்த உலோகம் என்று தீர்மானிக்கும் ஏடு அது. போல்ட்டுக்கும் அதில் தனி வரி உண்டு. பிளான்ட் 3டி-யில் அதற்கு 'போல்ட் செட்' என்று பெயர். செட் என்பதே சரியான சொல், ஏனென்றால் ஆலைக் குழாயில் பெரும்பாலும் தலையுள்ள போல்ட்டு கிடையாது. முழு நீளத்துக்கும் மரை வெட்டிய தண்டு, ஸ்டட். இரண்டு முனையிலும் இரண்டு நட்டு. எந்தப் பக்கத்திலிருந்தும் கழற்றலாம், ஒரு பக்கம் துரு ஏறிச் சிக்கினால் மறுபக்கம் இருக்கிறது.

"இந்த ஸ்டட்டோட முனையில என்ன அச்சடிச்சிருப்பாங்க தெரியுமா?"

சாதாரண கார்பன் எஃகுக் குழாய்க்கு வரும் தண்டின் நுனியில் 'பி7' என்று அடித்திருக்கும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. நட்டின் முகத்தில் '2எச்'. கடுங்குளிர் திரவம் ஓடும் குழாய் என்றால் தண்டு 'எல்7' ஆகிவிடும். மைனஸ் 101 டிகிரியில் அடித்துப் பார்த்துச் சோதிக்கும் ரகம் அது. கடற்கரை ஆலை என்றால் துருவுக்குப் பயந்து மேலே நீலப் பூச்சுப் பூசுவார்கள். பளபளவென்று நீலத் தண்டு!

கேஸ்கெட்டுக்கும் நிறம் உண்டு. உலோகப் பட்டையையும் கிராஃபைட்டையும் சுருள் சுருளாகச் சுற்றிச் செய்யும் வகையில் வெளி வளையத்தின் விளிம்பு மஞ்சள் என்றால் 304 ரக எஃகு, பச்சை என்றால் 316எல். கலர் பார்த்தே சரக்கைச் சொல்லும் சிவகாசிக்காரருக்கு இது ரொம்பவே பிடித்துப்போகும்.

இத்தனையையும் ஸ்பெக்கில் ஒரே ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். டிசைனர் குழாயை இழுத்து ஃபிளேஞ்சைப் போட்டுக்கொண்டே போவார். கேஸ்கெட் தானாக நடுவில் நுழையும். போல்ட் செட் தானாகப் பட்டியலில் ஏறும்.

எண்பத்தொன்பதும் ஒன்றும்

இப்போது நான் காத்திருந்த இடம். நீளம்! தம்பி ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறார்.

இந்தப்பக்க ஃபிளேஞ்சு 24. அந்தப்பக்க ஃபிளேஞ்சு 24. நடுவில் கேஸ்கெட் 3. ஆகமொத்தம் 51. தண்டு இதைத் தாண்டி நட்டுக்குள்ளும் போக வேண்டும். நட்டின் உயரம் தண்டின் விட்டத்துக்கு ஏறக்குறையச் சமம், 16. இரண்டு நட்டு 32. கூட்டினால் 83.

"அப்போ 83 மில்லிமீட்டர் ஸ்டட் வாங்கணும்."

"இல்ல அண்ணாச்சி. ஃபிளேஞ்சு அடிச்சு வர்றப்ப ஆளுக்கு 3 மில்லி வரைக்கும் தடிப்பா வரலாம்னு தரநூலே அனுமதிக்குது. அதுக்கும் இடம் விடணும்."

83-ம் 6-ம் 89. ஐந்தைந்தாக ஏறும் நீளப் பட்டியலில் 89-க்கு மேலே முதலில் நிற்பது 90. அவ்வளவுதான்! தரநூலைப் புரட்டினால் அங்கேயும் நாலு இஞ்சு, வகுப்பு 150-க்கு நேரே அதே 90. எட்டு ஸ்டட், பதினாறு நட்டு. அஞ்சு நூல், தொண்ணூறு மில்லிமீட்டர். விட்டம் இஞ்சில், நீளம் மில்லிமீட்டரில். ஒரே பொருளுக்கு இரண்டு நாட்டு அளவு. தொழிலில் இதற்கும் யாரும் அசருவதில்லை.

"இன்னொண்ணு. 90-ங்கிறது மரையோட நீளம் மட்டும்தான். நுனியில சீவி விட்டிருக்கிற கூம்பு கணக்குல வராது."

இப்போது வகுப்பை 150-லிருந்து 300-க்கு மாற்றுகிறார். ஒரே சொடுக்கு. வட்டு தடித்து 32 ஆகிறது. போல்ட்டு அஞ்சு நூலிலிருந்து முக்கால் இஞ்சுக்குத் தாவுகிறது. 32, 32, 3, இரண்டு நட்டுக்கு 38, மொத்தம் 105. தடிப்புக்கு 6 சேர்த்தால் 111. பட்டியலில் அடுத்த படி 115. திரையில் எட்டிப் பார்க்கிறேன்: 115! தரநூலிலும் 115! பள்ளிக்கூடத்தில் கணக்கு விடை பின்பக்கத்தோடு பொருந்தியதுபோல எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ரெண்டு இஞ்சு குழாயிலே இன்னும் வேடிக்கை. வகுப்பு 150-ல் போல்ட்டு நாலு. 300-க்குப் போனால் எட்டு. டிசைனர் மாற்றியது ஒரு எண். ஸ்டோரில் மாறப்போவது மூட்டைக் கணக்கு.

இதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. சுருள் கேஸ்கெட் பெட்டியிலிருந்து வரும்போது 4.5 மில்லிமீட்டர் தடிமன். இறுக்கிய பிறகு 3 சொச்சமாக அமுங்கும். கேட்டலாக்கில் எதை எழுதுவது? கையில் எடுத்துப் போல்ட்டை நுழைக்கும்போது கேஸ்கெட் அமுங்கியிருக்காது. இறுக்கி முடிக்கும்போது அமுங்கியிருக்கும். பைப்பிங் அலுவலகங்களில் இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்கு நடக்கும் வாதத்தைக் கேட்டால், சொத்துப் பிரிப்பவர்கள் தோற்றார்கள்.

வால்வு வந்தால் வம்பு

இரண்டு ஃபிளேஞ்சு முகம் பார்த்து நின்றால் கதை சுலபம். நடுவில் ஒரு மூன்றாம் ஆள் நுழையும்போதுதான் மென்பொருளுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருக்கிறது.

வேஃபர் வகைப் பட்டர்ஃபிளை வால்வு. இதற்குச் சொந்தமாக ஃபிளேஞ்சே இல்லை. இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே பிடித்து வைத்தபடி நிற்கும். தண்டு இந்தப்பக்க ஃபிளேஞ்சில் புகுந்து, வால்வை ஒட்டிக்கொண்டே போய், அந்தப்பக்கம் வெளியே வர வேண்டும். நாலு இஞ்சு அளவில் இந்த வால்வின் அகலம் 52 மில்லிமீட்டர். ரப்பர் உதடு வால்விலேயே இருப்பதால் கேஸ்கெட் தனியாக வேண்டாம். கணக்கைப் போடுங்கள்: 24, 24, 52, 32, 6. மொத்தம் 138, பட்டியலில் 140. தொண்ணூறு நூற்று நாற்பதாகிவிட்டது!

இதை மென்பொருள் தானாக ஊகிக்காது. 'இந்த வால்வுக்குச் சொந்தப் போல்ட்டு கிடையாது, வழிவிட்டு நீளம் மட்டும் கூட்டும்' என்று கேட்டலாக்கில் யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் வால்வுக்கு இந்தப்பக்கம் எட்டு, அந்தப்பக்கம் எட்டு என்று தொண்ணூறு மில்லிமீட்டர் தண்டுகள் பதினாறு பட்டியலில் ஏறும். ஒன்றுகூட மறுமுனையை எட்டாது.

அதே குடும்பத்தில் லக் வகை. உடம்பைச் சுற்றி மரை வெட்டிய காதுகள். இங்கே உண்மையிலேயே இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போல்ட்டு வரும், அவை நட்டில்லாத குட்டைப் போல்ட்டுகள். ஒரு பக்கக் குழாயைக் கழற்றினாலும் வால்வு மறுபக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆக வேஃபருக்கு நீளம் கூடும், லக்குக்கு எண்ணிக்கை கூடும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. பட்டியலுக்கு ஆகாத பங்காளி.

வரிசை இதோடு முடியவில்லை. மூக்குக்கண்ணாடி வடிவில் ஒரு பக்கம் வளையமும் ஒரு பக்கம் அடைப்புமாக இருக்கும் ஸ்பெக்டக்கிள் பிளைண்டு நடுவில் வந்தால் அதன் தடிமனும், கூடவே இரண்டாவது கேஸ்கெட்டும் சேரும். மின்சாரம் கடக்காமல் தடுக்கும் காப்பு இணைப்பு என்றால் வாஷர்கள் கூடும், அவற்றின் தடிமனும் நீளத்தில் ஏறும். பெரிய தண்டுகளை ஹைட்ராலிக் கருவியால் இழுத்து இறுக்கும் இடங்களில், கருவி பிடித்துக்கொள்வதற்காகத் தண்டின் விட்ட அளவுக்கு ஒரு முனை கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பம்பின் ஃபிளேஞ்சு வார்ப்பிரும்பாக இருந்தால் முகம் தட்டையாக இருக்கும். எதிரே மேடுள்ள எஃகு ஃபிளேஞ்சை வைத்து இறுக்கினால் வார்ப்பு விரிசல் விடலாம். எந்த முகம் எந்த முகத்தோடு சேரலாம் என்ற விதியை முன்கூட்டியே ஊட்டியிருந்தால், மென்பொருள் 'சேராது' என்று கொடி காட்டும். ஊட்டாவிட்டால் சத்தமில்லாமல் சேர்த்துவைக்கும்.

வெடிக்கும் குழாய்க்கும் ஒரே வாசல்

விஸ்வநத்தத்தில் உட்கார்ந்து சுத்திகரிப்பு ஆலையின் போல்ட்டைப் பார்ப்பதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பட்டாசு ஆலைக்கு உரிமம் தரும் மத்திய அமைப்பு பெசோ. தலைமையகம் நாக்பூர், சிவகாசியில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் அதன் கையில். எண்ணெய்க் கிடங்குகளுக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் பொருந்தும் 2002-ம் ஆண்டு பெட்ரோலியம் விதிகளும் அதே பெசோவின் கையில்தான்! அழுத்தக் கலன்களும் அப்படியே. சரவெடிக்குக் கையெழுத்துப் போடும் துறையே பெட்ரோல் தொட்டிக்கும் போடுகிறது.

கருவியிலும் இரண்டு உலகமும் ஒட்டுகின்றன. பட்டாசு மருந்து இருக்கும் அறைக்குள் இரும்புக் கருவிக்கு இடமில்லை என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். மரம், பித்தளை, செம்பு. எண்ணெய் ஆவி உலவும் இடத்தில் ஃபிளேஞ்சைக் கழற்றும் ஃபிட்டரும் பெரிலியம் கலந்த செம்பு ஸ்பேனரையோ அலுமினிய வெண்கல ஸ்பேனரையோதான் எடுப்பார். இரண்டு பேருக்கும் பயம் ஒரே பொறிக்குத்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவே தம்பி ஒரு நிமிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பழுது பார்க்கக் கழற்றிய ஒரு வால்வின் இடத்தில் அடைப்பு ஃபிளேஞ்சு மாட்டியிருந்தார்கள். அது கசியாதபடி இறுக்கப்படவில்லை. நின்றிருந்த பம்பை ஓட்டியபோது அந்த வழியாக எரிதிரவம் கசிந்து தீப்பிடித்தது. 167 பேர் மாண்டார்கள். மென்பொருளில் நீளம் சரியாக வருவது வேலையின் முதல் பாதி. இறுக்குவது மறுபாதி.

பிளேட்டில் பிழை

"சரி, இதுல எங்க தப்பு வரும்?"

"படத்துல வர்ற தப்பு பரவாயில்ல அண்ணாச்சி. ஒரு குழாய் தப்பா போட்டா ஒரு குழாய்தான் தப்பு. கேட்டலாக்ல வர்ற தப்புதான் வயித்தைக் கலக்கும்."

ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட்டிலேயே தேதி மாறிவிட்டால் ஓடும் தாள் அத்தனையிலும் அமாவாசை ஒரு நாள் தள்ளிப் போகுமே, அதுதான் இங்கேயும். நாலு இஞ்சு ஃபிளேஞ்சின் தடிமனில் 24-க்குப் பதில் 14 என்று ஒருவர் அடித்துவிட்டால், படத்தில் எந்த வித்தியாசமும் கண்ணில் படாது. குழாய் குழாயாக இருக்கும், வண்ணம் வண்ணமாக இருக்கும். ஆனால் அந்த ஆலையின் நாலு இஞ்சு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 70 மில்லிமீட்டர் தண்டு கொள்முதல் ஆகியிருக்கும். 70-ல் 51-ஐக் கழித்தால் மீதி 19. இரண்டு நட்டுக்கு வேண்டியதோ 32.

ஆகவே நல்ல அலுவலகங்களில் ஸ்பெக்கை டிசைனர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு நடக்கும். வெற்றுத் தரையில் சோதனைக் குழாய் ஒன்றை வரைவார்கள். அதில் ஒவ்வொரு அளவிலும் ஒரு ஃபிளேஞ்சு ஜோடி, ஒவ்வொரு வகை வால்வும் ஒன்று, ஒரு பிளைண்டு, ஒரு பம்பு முனை. எந்த ஆலையிலும் இடம்பெறாத கோமாளிக் குழாய்! அதற்கு ஐசோமெட்ரிக் வரைபடம் எடுத்து, பட்டியலில் வரும் நீளங்களைத் தரநூல் அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். எல்லாம் பொருந்திய பிறகுதான் திறப்பு விழா.

காகிதத்திலிருந்து ஸ்பேனருக்கு

ஐசோ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த வரைபடத்தின் ஓரத்தில் பொருள் பட்டியல் இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒன்று பட்டறையில் பற்றவைக்க வேண்டியவை: குழாய், வளைவு, ஃபிளேஞ்சு. மற்றது சைட்டில் மாட்ட வேண்டியவை: வால்வு, கேஸ்கெட், போல்ட்டு. மூடி வைத்திருந்த நம் கண்ணுக்குத் தெரியாத எட்டுப் பேரும் இங்கேதான் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வருகிறார்கள், ஒற்றை வரியில்.

எல்லா ஐசோவிலிருந்தும் வரிகளைத் திரட்டி, ஒரே அளவையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் அதுதான் கொள்முதல் பட்டியல். சைட்டில் உருண்டு தொலைவதற்கும் மரை கெடுவதற்கும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நம் மாவட்டத்திலேயே அருப்புக்கோட்டைப் பக்கம் ஆவியூரில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஆலை இருக்கிறது. வண்டிகளுக்கான போல்ட்டும் நட்டும் அவர்களுடைய பெயர்போன சரக்கு. ஸ்டட் வேறு ரகம் என்றாலும், 'போல்ட்டு' என்றதும் விருதுநகர் மாவட்டத்தில் யாரும் அந்நியமாக முழிக்க மாட்டார்கள்.

பிறகு ஃபிட்டரின் முறை. அஞ்சு நூல் தண்டுக்கு வரும் கனத்த நட்டுக்கு 27 நம்பர் ஸ்பேனர், முக்கால் இஞ்சுக்கு 32. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. ஒன்றுக்கு நேர் எதிரே ஒன்று என்று குறுக்கே குறுக்கே தாவ வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. 2000-ல் முதன்முதலில் வெளியிட்ட பி.சி.சி-1 என்ற வழிகாட்டி சொல்லும் முறையில், முதல் சுற்றில் முழு இறுக்கத்தில் முப்பது சதவீதம் வரைக்கும், அடுத்ததில் எழுபது வரைக்கும், மூன்றாவதில் நூறு. கடைசியாக வட்டமாக ஒரு சுற்று, நட்டு அசையாத வரைக்கும். அப்போதுதான் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் பிளக்காமல் சமமாக அமுங்கும்.

ஒரு சந்தேகம் எனக்கு மிச்சம் இருந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து போட்ட நீளக் கணக்கு சரியா தப்பா என்று கடைசியில் யார் எப்படிச் சொல்வது? தம்பியின் பதில் நட்டின் நுனியில் இருந்தது. தண்டு நட்டுக்குள் முழுக்கப் புகுந்து வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். ஆலைக் குழாய்களுக்கான பி31.3 விதி, ஒரு மரை உள்ளே நின்றுவிட்டால் மன்னிக்கும். அதற்கு மேல் மன்னிக்காது. ரொம்பவும் நீட்டிக்கொண்டிருந்தாலும் சங்கடம். வெளியே கிடக்கும் மரையில் பெயின்ட்டும் துருவும் ஏறி, ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் கழற்றும்போது நட்டு வர மறுக்கும்.

இதைச் சோதிக்கச் சுத்திகரிப்பு ஆலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். உங்கள் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போங்கள். அங்கே ஒரு வால்வு இருக்கும், அதன் இரண்டு பக்கமும் ஃபிளேஞ்சு இருக்கும். போல்ட்டை எண்ணுங்கள், நான்கால் வகுபடுகிறதா? உச்சியில் துளை இல்லாமல் இரண்டாக விலகி நிற்கிறதா? நட்டுக்கு வெளியே மரை எட்டிப் பார்க்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் கணக்குப் போட்டவருக்கும் ஸ்பேனர் பிடித்தவருக்கும் முழு மார்க். மூன்றாவதுக்கு 'இல்லை' என்றால், தண்ணீர் திறந்துவிடுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நீளம் தெரியாவிட்டால் திகைக்க வேண்டாம்: இரண்டு வட்டு, ஒரு கேஸ்கெட், இரண்டு நட்டு, ஆளுக்கு மூன்று மில்லி சலுகை. கூட்டி, மேலே இருக்கும் ஐந்துக்கு ஏற்றிச் சொல்லுங்கள்!